குறிப்பு எழுதியும் பாட்டு பிடிபடலயா? அறிகுறியப் பாத்து சரி பண்ணலாம் வாங்க

பி.ஏ. தமிழ், எம்.ஏ. தமிழ் படிக்கிறவங்களுக்காக இத எழுதுறேன், அதுவும் நம்ம கொடைக்கானல், பூம்பாறை, பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கத்துல இருந்து படிக்கிற தம்பி தங்கச்சிங்கள மனசுல வச்சு. புக்ல கோடு போடுறீங்க, ஓரத்துல எழுதுறீங்க, கலர் கலரா ஸ்டிக்கி நோட் ஒட்டுறீங்க, ஆனா ஒரு மாசம் கழிச்சு அதே பக்கத்தத் தொறந்தா அந்தக் குறிப்பு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. இது நீங்க சரியா படிக்காததால வர்ற சிக்கல் இல்ல, குறிப்புக்கு என்ன வேலைன்னு யாரும் சொல்லிக் குடுக்காததால வர்றது. என்னப் பொறுத்தவரைக்கும் குறிப்புன்னா ஒண்ணுதான், உரையத் தொறக்குறதுக்கு முன்னாடி அந்த வரியில உங்க கண்ணு என்ன பாத்துச்சோ அத எழுதி வைக்கிறது. மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

கீழ அறிகுறி வாரியா எழுதிருக்கேன். உங்க புக்ல எது தெரியுதோ அங்க நேரா போங்க. உதாரணத்துக்கு ரெண்டு பாட்ட எடுத்துக்கிறேன், குறுந்தொகை 3, புறநானூறு 145. ரெண்டுமே நம்ம மலையோட சம்பந்தப்பட்டது. முதல் பாட்டுல குறிஞ்சிப் பூ வருது, ரெண்டாவது பழனிமலைப் பக்கம் ஆண்ட பேகனப் பாத்துப் பாடுனது.

அறிகுறி: பக்கம் முழுக்க மஞ்சளா இருக்கு

முதல் தடவ படிக்கும்போதே ஹைலைட்டர் கையில இருக்குறதுதான் காரணம். முதல் வாசிப்புல எது முக்கியம்னு யாருக்கும் தெரியாது, அதனால கை எல்லாத்தையும் பூசிரும். சரி பண்றது ஈசி. முதல் வாசிப்புல எழுதுற சாமான் எதுவும் கையில வேணாம். ரெண்டாவது வாசிப்ப வாய் விட்டு படிங்க, அக்கம் பக்கத்துல ஆள் இருந்தா மெதுவா முணுமுணுத்தாலும் போதும். மூணாவது வாசிப்புல பென்சில எடுங்க. நாலு வரிப் பாட்டுக்கு ஒரே ஒரு அடிக்கோடு, உரைநடைன்னா ஒரு பக்கத்துக்கு ரெண்டு எடம், அதுக்கு மேல இல்லன்னு கட்டுப்பாடு வச்சுக்கங்க. ஒண்ணுதான் போடலாம்னு இருந்தா "எதுக்குப் போடணும்"னு மண்ட யோசிக்க ஆரம்பிக்கும், அந்த யோசனைதான் நமக்கு வேணும்.

ஏற்கனவே மஞ்சள் பூசிட்டீங்கன்னா புது புக் வாங்க வேணாம். மஞ்சள் வரி ஒவ்வொண்ணையும் கையால மறைச்சுட்டு மிச்சத்தப் படிங்க, எந்த வரிய மறைச்சா பாட்டு செத்துப் போகுதோ அதுக்குப் பக்கத்துல பென்சில்ல ஒரு புள்ளி வைங்க. இனிமே அந்தப் புள்ளிதான் உங்க அடிக்கோடு.

அறிகுறி: ஓரம் முழுக்க அருஞ்சொற்பொருள்தான் இருக்கு

சொல்லுக்கு அர்த்தம் எழுதுறது தப்பில்ல, எழுதுற எடம்தான் தப்பு. சொற்பொருள வரிக்கு மேல, சொல்லு தலையிலயே பொடி எழுத்துல எழுதுங்க, இல்லன்னா பக்கத்தோட அடியில. பக்கவாட்டு ஓரத்தக் காலியா வச்சிருங்க. ஓரம் நெறஞ்சிருச்சுன்னா அப்புறம் ஒரு கேள்வி தோணுனாக்கூட எழுத எடம் இருக்காது, எடம் இல்லன்னா கேள்வியும் மறந்துரும்.

அறிகுறி: எல்லா சொல்லுக்கும் அர்த்தம் தெரியுது, பாட்டு மட்டும் புரியல

அடிக்கடி வர்ற சிக்கல் இதுதான், அதனால இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்கலாம். குறுந்தொகை மூணாம் பாட்டு, தேவகுலத்தார் பாடுனது:

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே

நாலே வரி. இதுல எங்கெங்க கால் வழுக்கும்னு பாருங்க.

முதல்ல ரெண்டாவது வரி. "நீரினும் ஆரளவின்றே சாரல்"னு வரி முடியுற எடத்துல மூச்ச விட்டுட்டா, சாரல்தான் நீர விட ஆழமானதுன்னு அர்த்தம் போயிரும். ஆனா "சாரல்" அடுத்த வரியோட போக வேண்டிய சொல்லு, சாரல்ல இருக்குற கருங்கோற் குறிஞ்சி. வரி முடியுற எடமும் வாக்கியம் முடியுற எடமும் சங்கப் பாட்டுல பெரும்பாலும் ஒண்ணா இருக்காது. அதனால செய்ய வேண்டியது என்னன்னா, பென்சில்ல வாக்கியம் நிக்கிற எடத்துல மட்டும் ஒரு சாய்கோடு போடுங்க. பெரிதே, உயர்ந்தன்று, இன்றே, இந்த மூணுக்குப் பின்னாடியும் ஒவ்வொரு கோடு. அவ்வளவுதான், "சாரல்" தானா கீழ எறங்கி குறிஞ்சியோட சேந்துக்கும்.

அடுத்தது "உயர்ந்தன்று". நெறைய பேரு இத "உயர்ந்தது அல்ல"ன்னு எழுதி வச்சிருக்காங்க, ஏன்னா "அன்று"ன்னு காதுல விழுது. இது எதிர்மறையே இல்ல. உயர்ந்தது அப்படிங்கிறதுதான், நடுவுல "அன்" சாரியை வந்து உயர்ந்தன்றுன்னு நிக்குது. அதே பாட்டுல "ஆரளவின்று"ல வர்ற இன்றும் இல்லைன்னு சொல்றது இல்ல, ஆர் அளவு, அதோட "இன்" சாரியை, "து", அதாவது அரிய அளவ உடையது. ரெண்டுமே இல்லங்கிற மாதிரி காதுல விழும், ஆனா ரெண்டுமே ஆமாம்தான். பாட்டுல இந்த மாதிரி எடம் வந்தா சொல்லு மேல கூட்டல் குறி, கழித்தல் குறி போட்டுக்கங்க, மறுபடி அதே எடத்துல தடுக்கி விழ மாட்டீங்க.

மூணாவது, எது பெருசு? எது உயரம்? முதல் ரெண்டு வரிய மட்டும் எத்தன தடவ படிச்சாலும் தெரியாது, எழுவாய் கடைசியில "நட்பே"ன்னு வருது. அதனால புரியலைன்னா கடைசிச் சொல்ல வட்டம் போட்டு அங்கேருந்து ஒரு அம்புக்குறி மேல வரைக்கும் இழுங்க. நாடனோட இருக்குற நட்பு, நிலத்த விடப் பெருசு, வானத்த விட உயரம், நீர விட அளக்க முடியாதது. இப்ப வாக்கியம் நேரா நிக்குதுல்ல.

நாலாவது, யாரு பேசுறா? இது தலைவி தோழிகிட்ட சொல்றது. அகப்பாட்டுல கூற்று யாருடையதுன்னு தெரியாம எழுதுன குறிப்பு எதுவும் நிக்காது, அதனால பாட்டு எண்ணுக்குப் பக்கத்துலயே "தலைவி → தோழி"ன்னு எழுதிருங்க.

இந்த நாலு வேலையும் முடிஞ்ச பிறகுதான் ஓரத்துப் பக்கமே போகணும். அங்க நான் எதிர்பாக்குறது இந்த மாதிரி ஒரு கேள்வி: "நிலம், வானம், நீர்னு இவ்வளவு பெருசா அளந்துட்டு, ஏன் திடீர்னு ஒரு பூவும் தேனும்?" விடை தெரிய வேண்டிய அவசியம் இல்ல, கேள்வி இருந்தா போதும். இன்னொண்ணு கவனிச்சீங்களா, தேன் இழைக்கிறது வண்டுன்னு நமக்குத் தெரியும், உரையிலயும் வண்டு வந்துரும், ஆனா பாட்டுல வண்டுங்கிற சொல்லே இல்ல. யாரும் பாக்காதப்ப நடக்குற வேலை மாதிரி அது மறைஞ்சு நிக்குது. தலைவியோட நட்பும் இன்னும் ஊருக்குத் தெரியாததுதானே? இப்படி ஒண்ண ஒரு மாணவி அவங்களாவே ஓரத்துல எழுதிருந்தா அந்தப் பக்கத்துக்கு வேற எந்தக் குறிப்பும் தேவையில்லன்னே சொல்லுவேன்.

அறிகுறி: "முக்கியம்", "அருமை", "உவமை", "கொடைச் சிறப்பு"

இதெல்லாம் லேபிள், குறிப்பு இல்ல. லேபிள் ஒட்டுனதும் வேலை முடிஞ்ச மாதிரி ஒரு திருப்தி வந்துருது, அதுதான் ஆபத்து.

புறநானூறு 145 எடுத்துக்கங்க, பரணர் பாட்டு, பத்து வரி. ஆரம்பத்துல மயில் குளிர்ல நடுங்குமேன்னு இரக்கப்பட்டு போர்வை குடுத்த பேகனேன்னு கூப்புடுறார். இங்கயே முக்கால்வாசி பேரு "கொடைச் சிறப்பு"ன்னு எழுதிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிடுறாங்க. ஆனா நாலாவது வரியப் பாருங்க, "பசித்தும் வாரேம் பாரமும் இலமே". பசிச்சு வரல, காப்பாத்த வேண்டிய பாரமும் எங்களுக்கு இல்லன்னு சொல்றார். பரிசு கேட்டு வாழுற புலவர் ராஜா முன்னாடி நின்னு எனக்கு ஒண்ணும் வேணாங்கிறார்! அப்புறம் என்னதான் வேணும்? இன்னைக்கு ராத்திரியே தேர்ல ஏறிப் போயி, துன்பத்துல கெடக்குற அவளோட துயரத்தத் தீர்த்து வை, இதுதான் நாங்க கேக்குற பரிசில். அவள்னா பேகன் விட்டுட்டுப் போன அவனோட மனைவி.

இப்ப மயில் வேற மாதிரி தெரியுதா? மயில் நடுங்கும்னு இரக்கப்பட்ட ஆளு, வீட்டுல நடுங்குற ஆளப் பாக்கலயேன்னு நேரா சொல்லாம, அவன் செஞ்ச நல்லதையே எடுத்து அவன் முன்னாடி வைக்கிறார். அதுல புகழும் இருக்கு, கண்டிப்பும் இருக்கு. "கொடைச் சிறப்பு"ங்கிற லேபிள் இந்தக் கண்டிப்ப மூடிருச்சு.

சரி பண்றது எப்படின்னா, நீங்க எழுதுன ஒவ்வொரு லேபிளுக்குப் பின்னாடியும் "எதுக்கு?"ன்னு ஒரு சொல்லு சேத்துப் பாருங்க. உவமை, எதுக்கு? கொடை, இங்க எதுக்கு? பதில் எழுத முடிஞ்சா லேபிள் குறிப்பாயிரும். முடியலைன்னா அந்தக் கேள்விக்குறியோடயே விட்டுருங்க, அழிக்காதீங்க.

ஒரு கூடுதல் வேலையும் சொல்றேன். அதே பரணர் புறநானூறு 141லயும் இதே மயில், இதே போர்வையப் பாடுறார், அது உடுத்தாது, போத்திக்காதுன்னு தெரிஞ்சும் குடுத்தான்னு. அங்க அது சுத்தமான புகழ்ச்சி, பாணன ஆத்துப்படுத்துற, அதாவது பேகன்கிட்ட போகச் சொல்லி வழி காட்டுற பாட்டு. ஒரே ஆளு, ஒரே சம்பவம், ரெண்டு பாட்டுல ரெண்டு வேலை. 145க்குப் பக்கத்துல "141 பார்"னும் 141க்குப் பக்கத்துல "145 பார்"னும் எழுதி வைங்க. பாட்டுக்குப் பாட்டு இப்படிப் பாலம் போடுறது ஒரு பக்கம் விளக்கம் எழுதுறத விட உபயோகம்.

அறிகுறி: குறிப்பு எல்லாம் உரையில இருக்குறதேதான்

கைடுல இருந்தோ உரையில இருந்தோ பாத்து புக்ல எறக்கி வச்சிருப்பீங்க. கையெழுத்து அழகா இருக்கும், ஆனா அதுல நீங்க இருக்க மாட்டீங்க. இதுக்கு ஒரே மருந்து வரிசைய மாத்துறதுதான், முதல்ல பாட்டு, அப்புறம் உங்க குறிப்பு, அப்புறம் உரை. உரையப் படிச்ச பிறகு அதுல இருந்து எடுத்துக்கிறதுக்கு முன்னாடி "உ"ன்னு ஒரு எழுத்து போட்டுக்கங்க. இப்ப ஓரத்துல ரெண்டு குரல் தனித்தனியா தெரியும், எது உங்களது எது உரையாசிரியரதுன்னு.

உரைய மதிக்காதீங்கன்னு நான் சொல்லல, நேர் எதிரா சொல்றேன். குறுந்தொகைக்குப் பேராசிரியரும், அவரு விட்ட இருபது பாட்டுக்கு நச்சினார்க்கினியரும் உரை எழுதுனதா தெரியுது, ஆனா அந்த ரெண்டுமே கிடைக்கல. 1937ல உ.வே.சாமிநாதையர் பதிப்பு வந்தப்ப அவரே உரை எழுதி, ஒப்புமைப் பகுதின்னு வேற எந்தெந்த நூல்ல இதே மாதிரி வருதுன்னு தேடித் தேடிப் போட்டிருக்கார். அந்த ஒப்புமைப் பகுதியத்தான் நம்ம பசங்க யாரும் படிக்கிறதில்ல, எனக்கு அது பெரிய வருத்தம். பொழிப்புரைய விட்டாலும் பரவாயில்ல, ஒப்புமைப் பகுதிய விடாதீங்க. ஒரு பெரிய வாசகர் ஒரு வரியப் படிக்கும்போது அவரு மனசுல வேற என்னென்ன வரி வந்துச்சுன்னு அதுல தெரியும், அதாவது அது அவரோட குறிப்பு.

நன்னூல்ல உரைக்குப் பதினாலு கூறு சொல்லிருக்கு. பாடம், கருத்து, சொல்வகை, சொற்பொருள்னு போயிட்டே இருக்குற அந்தப் பட்டியல்ல வினாவும் விடையும் உண்டு. காண்டிகைங்கிற சுருக்க உரையிலயும் கருத்து, பதப்பொருள், காட்டு (உதாரணம்) இந்த மூணோட வினா விடையும் சேரலாம்னு சொல்லுது. நம்ம மரபுல உரைங்கிறதுக்குள்ளயே கேள்வி கேக்குறது ஒரு பகுதியா இருந்திருக்கு. நம்ம நோட்டுல பதப்பொருள் மட்டும் தங்கிருச்சு, கேள்வி போயிருச்சு. அதக் கொண்டு வந்தா போதும்.

"அக்கா, நான் நெனச்சது தப்பா இருந்தா?"ன்னு கேப்பீங்க. தப்பா இருந்தா உரையப் படிக்கும்போது தெரியும், அப்ப அடிக்காம பக்கத்துல திருத்தி எழுதுங்க. "உயர்ந்தன்று = உயரல"ன்னு எழுதி அதுக்குக் கீழ சரியான பொருள எழுதி வச்சவங்க அத ஆயுசுக்கும் மறக்க மாட்டாங்க.

அறிகுறி: நமக்குத் தெரிஞ்சதெல்லாம் பாட்டு மேல ஏறிருச்சு

இது மலையில இருக்குற நமக்குன்னே வர்ற சிக்கல். குறிஞ்சின்னு பாத்ததும் "12 வருஷத்துக்கு ஒரு தடவ பூக்கும்"னு கை தானா எழுதிரும். நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருக்க பூக்குறது உண்மைதான், நம்ம பக்கம் 2006ல பூத்துச்சு, 2018ல பூத்துச்சு, அடுத்தது 2030. உங்கள்ல பல பேரு 2018ல சின்னப் புள்ளைங்களா நேர்ல பாத்திருப்பீங்க. ஆனா குறுந்தொகை மூணாம் பாட்டுல 12 வருஷம்னு எங்கயுமே இல்ல. குறிஞ்சியிலயே பல வகை இருக்கு, பூக்குற கால இடைவெளியும் வகைக்கு வகை மாறும். அதனால "அபூர்வமான பூ, அதுமாதிரி அபூர்வமான காதல்"னு எழுதுனா அது நீங்க வெளியில இருந்து கொண்டு வந்தது.

கொண்டு வரக் கூடாதுன்னு இல்ல, தாராளமா கொண்டு வாங்க, ஆனா முன்னாடி "வெ"ன்னு போடுங்க, வெளித்தகவல். பாட்டுல இருக்குறது, உரையில இருக்குறது, வெளியில இருந்து வந்தது, மூணும் கலக்காம இருந்தா விடைத்தாள்லயும் கலக்காது. அதே சமயம் நமக்கு இருக்குற ஒரு வசதியையும் விடாதீங்க. "கருங்கோல்"னு படிச்சுட்டு அதுக்கு "கரிய கொம்பு"ன்னு மட்டும் எழுதாம, சரிவுல குறிஞ்சிப் புதர் நிக்கிற எடத்துல போய் தண்டப் பாருங்க, கையால தொட்டுப் பாருங்க, பாத்தத எழுதுங்க. சமவெளியில உக்காந்து படிக்கிறவங்களுக்கு அது கிடைக்காது.

இதே வகையில இன்னொரு தடுமாற்றம், பேகன் பாட்டுல வர்ற அவன் மனைவி பேரும் கண்ணகிதான். உடனே "சிலப்பதிகாரம்"னு எழுதிடுறாங்க. அவங்க வேற, இவங்க வேற. புறம் 143ல இருந்து 147 வரைக்கும் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார்னு நாலு புலவருங்க இந்தக் கண்ணகிக்காகப் பேகன்கிட்ட பேசிருக்காங்க. பாட்டுக்கு அடியில திணை, துறையோட யாரு யாரப் பத்திப் பாடுனதுன்னு ஒரு குறிப்பு இருக்குமே, அத முதல்ல படிச்சிருந்தா இந்தக் குழப்பமே வராது. பாட்டு படிக்கிறதுக்கு முன்னாடி படிக்கலாம்னு நான் விடுற ஒரே விஷயம் அதுதான்.

அறிகுறி: நம்ம புக்ல ஒரு மாதிரி, போன்ல ஒரு மாதிரி

பயப்படாதீங்க. ஒண்ணு பாடபேதமா (சுவடிக்குச் சுவடி, பதிப்புக்குப் பதிப்பு சொல்லு மாறுறது) இருக்கும், இல்ல தட்டச்சுப் பிழையா இருக்கும், இல்ல சந்தி பிரிச்ச விதம் வேறயா இருக்கும். மதுரைத் திட்டம் 1998ல இருந்து மூலப் பாடங்கள இணையத்துல போட்டுட்டு வருது, தமிழ் இணையக் கல்விக்கழகத்து தளத்துல உரையோட படிக்கலாம். ரெண்டையும் உங்க அச்சுப் புக்கோட ஒப்பிட்டுப் பாத்து, வித்தியாசம் இருக்குற சொல்லு மேல ஒரு நட்சத்திரம் போட்டு மத்த பாடத்த அடியில எழுதுங்க. எது சரின்னு உடனே முடிவு பண்ண வேணாம், ஆனா எந்தப் பாடத்த வச்சுப் படிச்சா பாட்டு எப்படி மாறுதுன்னு ஒரு வரி எழுதுனா அது நல்ல குறிப்பு.

போன்ல பிடிஎஃப் மேல குறிப்பு எழுதுறவங்களுக்கு ஒண்ணு. பக்க எண்ண நம்பாதீங்க, பதிப்புக்குப் பதிப்பு மாறும். "குறு. 3:2"ன்னு பாட்டு எண்ணும் வரி எண்ணும் போட்டு எழுதுனா எந்தப் பதிப்புலயும் தேடி எடுத்துரலாம். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கேலரியில போட்டு வச்சது குறிப்புல சேராது, தேடவே முடியாது.

அறிகுறி: நாவல்ல பத்துப் பக்கத்துக்கு மேல நகரல

வரிக்கு வரி நின்னு எழுதுனா நாவல் செத்துரும். பாட்டுக்கு உள்ள முறைய அப்படியே நாவலுக்குப் போடக் கூடாது. ஓடிட்டே படிங்க, நிக்கணும்னு தோணுற எடத்துல ஓரத்துல பென்சில் புள்ளி மட்டும் வைங்க. அத்தியாயம் முடிஞ்சதும் அந்தக் காலி எடத்துல ஒரே ஒரு வாக்கியம், "என்ன நடந்துச்சு"ன்னு எழுதாம "என்ன மாறுச்சு"ன்னு. நடந்தது கதைச் சுருக்கத்துலயே கிடைக்கும், மாறுனது உங்க கண்ணுக்குத்தான் தெரியும்.

ஆளுங்க பேரு குழம்புதுன்னா பின் அட்டையோட உள்பக்கம் ஒரு பட்டியல் போடுங்க, பேரு, யாருக்கு என்ன உறவு, முதல்ல வந்த பக்கம். ராஜம் கிருஷ்ணனோட குறிஞ்சித்தேன் 1963ல வந்த நாவல், நீலகிரி படகர் மக்களோட வாழ்க்கை, பழைய விவசாய வாழ்க்கைக்குள்ள தேயிலையும் பணமும் நுழையுறப்ப என்ன ஆகுதுங்கிறது. ஜோகி, ரங்கன்னு ஆளுங்கள நாம சின்ன வயசுல இருந்து பின்தொடர்ந்து போறோம், காலம் நீண்டுட்டே போகுது. இந்த மாதிரி நாவலுக்கு ஆள் பட்டியலோட இன்னொரு பட்டியலும் வேணும், திரும்பத் திரும்ப வர்ற பொருள். குறிஞ்சி பூக்குறது எங்கெங்க வருது, நிலம் கை மாறுறது எங்கெங்க வருது, அந்தப் பக்க எண்ண மட்டும் வரிசையா எழுதிட்டு வந்தா, படிச்சு முடிக்கும்போது ஒரு கட்டுரையோட எலும்புக்கூடு பின் அட்டையிலயே நிக்கும்.

அறிகுறி: மை பரவுது, எழுத்து கலைஞ்சு போகுது, ஸ்டிக்கி நோட் உதிருது

நம்ம ஊரு ஈரத்துல இது எல்லாருக்கும் நடக்குறது. காகிதம் காத்துல இருக்குற ஈரத்த உறிஞ்சிக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில அலமாரியில வச்ச புக்கே லேசா உப்பிரும், அதுல ஜெல் பேனாவோ இங்க் பேனாவோ வச்சா மை நூல் நூலா ஓடும். ஜெல் எழுத்து மேல ஹைலைட்டர் ஓட்டுனா மொத்தமா இழுவிரும். பென்சில் ஒண்ணுதான் இங்க சரி, அது கிராஃபைட், தண்ணியில கரையாது. எச்பி போதும், மெல்லிசு தாள்னா ரொம்ப அழுத்தாதீங்க, மறுபக்கம் பொடைச்சிக்கும்.

வத்தலக்குண்டுல இருந்து பஸ்ல மேல வரும்போது பையில இங்க் பேனா கக்குதுன்னா பேனா மேல கோவப்படாதீங்க, கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரத்துக்கு ஏறும்போது வெளிக்காத்தோட அழுத்தம் கொறைஞ்சு உள்ள இருக்குற காத்து விரிஞ்சு மைய வெளிய தள்ளுது. முழுசா நெரப்பி நிப்பு மேல பாத்த மாதிரி வைங்க, இல்ல காலியா கொண்டு வாங்க.

புக்கு நனைஞ்சா அடுப்புப் பக்கத்துல காய வைக்காதீங்க, தாள் சுருண்டு பசை விட்டுரும். நடுநடுவுல வெத்துத் தாள் வச்சு, நிமித்தி நிறுத்தி, காத்தாட விடுங்க. சுவத்த ஒட்டி அடுக்காதீங்க, பூசணம் அங்கேருந்துதான் ஏறும்.

அறிகுறி: புக்கு நம்மளது இல்ல, லைப்ரரியோடது

எழுதக் கூடாது, பென்சில்லயும் கூடாது. ஸ்டிக்கி நோட்டும் ரொம்ப நாள் விட்டா பசை தங்கிரும். வேணுங்கிற பாட்ட மட்டும் ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் செராக்ஸ் எடுத்து எதிர்ப்பக்கத்துல எழுதுங்க, இல்ல பாட்டக் கையால நோட்டுல எழுதிக்கங்க. நாலு வரிப் பாட்டக் கையால எழுதுறது நேர விரயம் இல்ல, "சாரல்" எந்த வரியில நிக்குதுன்னு எழுதும்போதுதான் பல பேருக்கு உறைக்கும்.

அறிகுறி: குறிப்பு நெறைய இருக்கு, விடை எழுத வரல

குறிப்பு பாட்டு வரிசையில இருக்கும், விடை வாத வரிசையில இருக்கணும், அதான் இடிக்குது. "பேகனின் கொடைச் சிறப்பை விளக்குக"ன்னு கேள்வின்னு வச்சுக்கங்க. உங்க ஓரத்துக் குறிப்புங்கள ஒரு தாள்ல எடுத்து எழுதுங்க: மயில் நடுங்கும்னு குடுத்தான் (145), உடுத்தாதுன்னு தெரிஞ்சும் குடுத்தான் (141), பசிச்சு வரலன்னு புலவர் சொல்றார் (145), கேக்குற பரிசு பொருள் இல்ல (145), நாலு புலவருங்க இதையே கேக்குறாங்க (143–147). இப்ப எது எதுக்கு மேல ஏறுதுன்னு பாத்து பென்சில்ல எண் போடுங்க. 141 ஒண்ணு, 145ல மயில் ரெண்டு, "பசித்தும் வாரேம்" மூணு, பரிசில் நாலு. முதல் வாக்கியம் தானா வரும்: "பேகன் மயிலுக்குப் போர்வை அளித்த ஒரே செயலைப் பரணர் ஒரு பாட்டில் புகழவும், மற்றொரு பாட்டில் அவன் கடமையை நினைவூட்டவும் பயன்படுத்துகிறார்." இதுக்கு அப்புறம் மேற்கோள், ஒவ்வொரு எடத்துலயும் ஒரு வரிக்கு மேல போகாம, அதுக்குப் பின்னாடி அந்த வரி என்ன பண்ணுதுன்னு உங்க சொந்த வாக்கியம் ஒண்ணு.

எண் கெடைக்காத குறிப்பு ஒண்ணு ரெண்டு மிஞ்சும். நாலு புலவருங்க ஏன் ஒரே விஷயத்தக் கேட்டாங்கங்கிறது இந்த விடையில அடங்கல, அது ஒரு தனிக் கட்டுரைக்கான கேள்வி. அத இங்க திணிக்காம நோட்டோட கடைசிப் பக்கத்துல எழுதி வைங்க, எம்.ஏ. புராஜெக்ட்டுக்குத் தலைப்பு கேக்கும்போது அங்கேருந்து எடுத்துக்கலாம்.